நீந்தாத குஞ்சுகள்

என் மகள் கல்யாண வாழ்க்கையை முடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு மீன் தொட்டியும் கொண்டுவந்தாள். திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அவள் வந்த பிறகு எட்டு மாதம் எங்களிடம் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு பக்கம் தேறாது. எதைக் கேட்டாலும் "ம்". சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவாள்.

ஆடி மாதம் ஒரு காலை, பூஜை முடித்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். அவள் என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! ஓடினேன். தொட்டியில் ஏஞ்சல் மீன் ஜோடி ஒரு இலைமேல் முட்டையிட்டிருந்தது. பெரிய மீன்கள் தின்றுவிடும் என்று இலையோடு எடுத்துத் தனியாக ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டாள். மூன்றாம் நாள் பொரிந்தன. இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன.

அன்று அவள் பேசினாள்.

"இன்னும் நாலஞ்சு நாள்ல மேல வந்து ஒரு வாய் காத்து குடிக்கும்பா. அது உள்ள இருக்கிற பையில போய் நெரம்புனாதான் நீந்த வரும். அதுவரைக்கும் ஒண்ணும் போடக்கூடாது. அதுக்கு வேண்டிய சத்து அது வயித்துலயே இருக்கு. அப்புறம் அவிச்ச முட்டையோட மஞ்சக்கருவக் கரைச்சுக் குடுக்கலாம்."

"முட்டையா? நைவேத்தியம் ஆவுற அடுப்பும்மா."

என் மனைவி விடவில்லை. "மீனு நடுவீட்டுல குடியிருக்கு, முட்டைக்கு மட்டும் ஆசாரமா? ஒங்கப்பாவுக்குக் கோழி தெருவுல போனாலே குளிக்கணும்."

மகள் சிரித்துவிட்டாள். "சரி, விடுங்க. கும்பகோணத்துல குஞ்சுக்குன்னே தீனி விக்கிறாங்க. நாளைக்குப் போயி வாங்கியாறேன்."

திரும்பி வந்ததிலிருந்து வாசற்படி தாண்டாத பெண், தானாகப் பஸ் ஏறப்போகிறேன் என்கிறாள். மகாலிங்க சுவாமியை நினைத்துக்கொண்டேன். இந்தக் குஞ்சுகளைப் பிழைக்க வை, இவள் பிழைத்துக்கொள்வாள் என்று வேண்டினேன்.

மறுநாள் அவள் போயிருந்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை. எதிரே அந்தக் கண்ணாடிப் பாத்திரம். அத்தனை உயிர், பொரிந்ததிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அவள் சொன்னது காதில் இருந்தது, ஆனால் மனசு கேட்கவில்லை. மாட்டுக்கு ஊறவைத்திருந்த கடலைப் புண்ணாக்கை வெள்ளைத் துணியில் பிழிந்தேன். பால் போல வந்தது. சிவசிவா என்று சொல்லி இரண்டு கரண்டி ஊற்றினேன். அதன் பிறகுதான் சோறு இறங்கியது. அடுத்த இரண்டு நாளும் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஊற்றினேன்.

நீந்தவேண்டிய நாள் வந்தது. ஏழு குஞ்சுகள் எழுந்து நீந்தின. மற்றதெல்லாம் அடியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வழுக்கின. எம்பும், ஒரு விரல் உயரம் வரும், கல்லாய் இறங்கும். திரும்ப எம்பும். கும்பகோணத்துத் தீனி பிரிக்காமலே கிடந்தது. மகள் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். பேச்சு மறுபடி "ம்" ஆகிவிட்டது.

ஜன்னல் வெயில் சாய்ந்து விழும்போது நான் பார்த்தேன். தண்ணீர்மேல் வானவில் போல ஒரு படலம். புண்ணாக்கு எண்ணெய். அவை காற்றுக் குடிக்க வரும் வாசலை நானே மூடியிருக்கிறேன். வேண்டுதலும் நான் வைத்ததுதான், அதைக் கெடுத்த கையும் என்னுடையதுதான். மூன்று நாள் விழுங்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் கிடந்தேன். நாலாம் நாள் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, தப்பு பண்ணிட்டேம்மா. நாந்தான் புண்ணாக்குத் தண்ணிய ஊத்தினேன்."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"வாசனை அடிச்சுது. மேல மின்னிச்சு. நான் பாக்கறப்பவே காத்து குடிக்கிற நாளு தாண்டிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பை நெரம்பாது."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. திட்டியிருக்கலாமே."

அவள் குஞ்சுகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க. நாலு நாளு பட்டினி கெடப்பீங்க. எனக்கு அதையும் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுப்பா."

அவள் எழுந்துபோய் செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து வந்து தண்ணீர்மேல் மெல்ல விரித்தாள். ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது எண்ணெய் தாளோடு வந்தது. இன்னொரு தாள் கேட்டாள், கொடுத்தேன்.

கிடந்தவை எல்லாம் சாக இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை சொட்டு மருந்துக் குழாயில் தீனியை எடுத்து, அடியில் அவற்றின் வாய்க்கு நேரே அவள் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை வலிக்கும்போது நான் விட்டேன். மேலே நீந்திக்கொண்டிருந்த ஏழு குஞ்சுகளையும் அவள் ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.