ஞாயிற்றுக்கிழமைப் புரொஜெக்டர்

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எஸ்டேட் பழக்கம். மலைச்சரிவில் மின்னல் கம்பி வழியாக வந்து டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் கருக்கிவிட்டுப் போய்விடும். அதனால் தூரத்தில் ஒரு உறுமல் கேட்டாலே அங்கே எல்லோர் கையும் சுவருக்குப் போகும்.

என் வீட்டுக்காரர் கேரள மலையில் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் போடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இறங்குவார். திங்கட்கிழமை காலையில் ஏறிவிடுவார். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருவரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மேற்கே லேசாக உறுமியது. இவர் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய புரொஜெக்டர். படத்தை நிறுத்திய பிறகும் உள்ளே விசிறி ஓடி, பல்பு சூடு ஆறினால்தான் கரண்டை எடுக்கலாம். 'டப்' என்று ஒரு சத்தம். பல்பு போயே போய்விட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?" என்றேன்.

"கை தன்னால போயிருச்சு."

பல்பு போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன் இத்தனை நேரமும் மலையில்தான் இருந்திருக்கிறார் என்பதுதான் சுருக்கென்றது. நான் சோறு போடும்போதுகூடப் போதும் என்று சொல்லமாட்டார்; 'மதி' என்று மலையாளத்தில் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து முதலாளி, போடியில் இருக்கும் ஏலக்காய் குடோனைப் பார்த்துக்கொள்கிறாயா என்று இவரைக் கேட்டிருந்தார். இறங்கி வந்துவிட்டால் தினமும் வீட்டில் இருக்கலாம். காய் எடுப்பு தொடங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எப்போது கேட்டாலும் "யோசிப்போம்" என்பார். யோசித்ததெல்லாம் அடுத்து எந்தப் புரொஜெக்டர் வாங்கலாம் என்பதைப் பற்றித்தான்.

மலையிலிருந்து போன் வந்தால் அதே பேச்சு. சாதா பல்பு வைத்தது நல்ல வெளிச்சம், ஆனால் சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கிவிடுமாம், மாற்றுப் பல்பு கிடைப்பது பெரும்பாடாம். எல்.இ.டி. நெடுநாள் உழைக்குமாம், ஆனால் பகலில் படம் வெளிறிப்போகுமாம். லேசர் இரண்டுக்கும் மேலாம், விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுமாம். இன்றைக்கு இது, நாளைக்கு அது. இந்த அக்கறையில் பாதியைக் குடோன் விஷயத்தில் காட்டக் கூடாதா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். உட்கார்ந்தால் எழுந்து துணி மடிக்கத் தோன்றும், மடித்ததையே திரும்ப மடிப்பேன். தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவேன், செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தும்.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிறு அவரைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மூன்றையும் சுவரில் ஓட்டிக் காட்டினார். இவர் ஏலம் கேட்பதற்கு முன் காய் பார்க்க வந்த வியாபாரி மாதிரி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார். கடைசியில் கடைக்காரருக்கே பொறுமை போய்விட்டது.

"அண்ணே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல. எப்பயாச்சும்னா சாதா பல்பே வருசக்கணக்கா வரும். தெனமும்னா லேசர எடுங்க."

நான் இத்தனை நாள் கேட்டும் பதில் வராத கேள்வியை அவர் வியாபாரத்துக்காகக் கேட்டுவிட்டார். இவர் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கெழமை மட்டுந்தான்," என்றார் இவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினார். முகம் செத்துப்போயிருந்தது. "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று இழுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடையில் நின்று அழ முடியுமா?

"லேசரே குடுங்கண்ணே," என்றேன் கடைக்காரரிடம். "தெனமும் ஓடும். நான் வீட்டுலதான இருக்கேன்."