நீதிபதியின் சொந்தக்காரர்

ஓய்வுபெற்ற பதிவாளருக்குப் பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொள்வதுதான் முழுநேர வேலை. சொந்தக்காரர்களைப் பட்டியலிட்டுத் தரும் எச்சில் பரிசோதனையில் யாரோ ஒரு நீதிபதியோடு மரபணுத் துண்டு ஒன்று கடுகளவு ஒத்துப்போனதும், முகம் பார்த்திராத அந்த ஆளை "எங்க அண்ணன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே பட்டியலில் அதைவிட நாலு மடங்கு நீளமான துண்டோடு, அதாவது இன்னும் நெருங்கிய சொந்தமாக நின்றவர், அவருடைய குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக். "இது மெஷின் கோளாறு" என்று அந்தப் பெயரை மட்டும் மறைத்துவைத்தார்.

ஒருநாள் லிஃப்டில் இருவரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். பதிவாளர் கூரையை வெறித்தார்.

"பயப்படாதீங்க சார்," என்றார் மெக்கானிக், ஸ்பேனரைத் துடைத்தபடி. "என் லிஸ்ட்லயும் உங்க பேரு வந்துச்சு. நானும் வெளிய மூச்சு விடல. எங்களுக்கும் மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"