ஆயில் லைட்டும் ரஹீம் பட்டறையும்

வரதனுக்குக் கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். இராயபுரத்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் வண்டி விடுகிறவர்கள் இரண்டையும் தெரிந்துதான் விடுவார்கள். ஒரு இன்ஜினைப் பிரித்துப் பூட்டி முடித்தால் தலைப்பிள்ளை பெற்றவன் மாதிரி பூரித்துக் கிடப்பான். அது சரியில்லை என்று யாராவது சொன்னால் போச்சு, பழி அடுத்தவன் தலையில்தான் விடியும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுக் கோடையில், மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ராசையா அண்ணாச்சியின் அம்பாசடர் அவனிடம் வந்தது. இன்ஜினை முழுசாக இறக்கிப் பிரித்தான். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டை, பேரிங்கில் சரியாக உட்காரும் அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தது ரஹீம் பட்டறை. ரஹீம் வேற்றாள் இல்லை. டவுசர் போட்ட காலத்துத் தோஸ்து, வரதன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்றவனே அவன்தான்.

துறைமுகத்துப் பக்கம் காற்றோடு கரித்தூளும் வரும். அங்கே சன்னல் இடுக்கு, தண்ணீர்க் குடத்தின் வாய், தையல் மெஷின் எல்லாவற்றிலும் துணியை அடைத்துத்தான் வைப்பார்கள். வரதனும் அதே பழக்கத்தில், திறந்து கிடந்த இன்ஜினின் ஆயில் ஓட்டைகளில், கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டைச் சுருட்டித் திணித்தான். பூட்டும்போது பிடுங்கி எறிந்தான். எல்லாம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தான்.

ஒரே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. இழுவை இல்லை, சூடு ஏறுகிறது, டோல்கேட் தாண்டினால் ஆயில் லைட் எரிகிறது என்றார் அண்ணாச்சி. பார்த்தால் டைமிங் பின்தங்கியிருந்தது. ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் இன்ஜின் கொதிக்கும், கொதித்தால் ஆயில் நீர்த்துப்போய்ப் பிரஷர் இறங்கும், இறங்கினால் லைட் எரியும். அதுதான் சங்கதி என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைச் சரிசெய்து அனுப்பினான். இழுவை வந்தது, சூடும் தணிந்தது. பாழாய்ப்போன லைட் மட்டும் மறுபடி எரிந்தது.

அண்ணாச்சி அவனைக் கடைக்கே கூப்பிட்டனுப்பி, இதுதான் நீர் பூட்டிக் கொடுத்த லட்சணமா என்று கேட்டார். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். வரதனுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது.

"ரஹீம் கிராங்க்க ஜாஸ்தியா தேச்சுட்டான் அண்ணாச்சி. பேரிங்கு லூசு, அதான் பிரஷர் நிக்கல" என்றான். திறந்துகூடப் பார்க்கவில்லை, சொல்லிவிட்டான் மகராசன்!

அண்ணாச்சி கடைக்கு லாரிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் வந்து போகாத நாள் கிடையாது. பேச்சு காசிமேடு வரைக்கும் போய்விட்டது. மீன் வாங்கப் போன வரதனின் மனைவி பூவம்மா அங்கே ரஹீமின் மனைவியைப் பார்த்தாளாம். ரஹீமிடம் கொடுத்திருந்த வேலையை ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒவ்வொருவராய்த் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறார்களாம், பட்டறையில் மெஷின் ஓடவே இல்லையாம். அந்தப் பெண் நடுமார்க்கெட்டில் அழுதிருக்கிறாள்.

"அவரு தேச்சது தப்புன்னு நீ கண்ணால பாத்தியா?" என்று பூவம்மா சோறு போடும்போது கேட்டாள். வரதன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் வண்டியை வாங்கித் திருவொற்றியூர்ப் பக்கம் ஓட்டினான். கண் முழுக்க லைட்டின் மேல். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வண்டி சும்மா உறுமிக்கொண்டு நின்றபோது லைட் எரியவில்லை. வழி கிடைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் எரிந்தது. காலை எடுத்தான், அணைந்தது. மறுபடி மிதித்துப் பார்த்தான், அதேதான். பேரிங் லூசு என்றால் இது தலைகீழாக இருக்க வேண்டும். நிற்கும்போது எரிந்து, மிதித்தால் அணைய வேண்டும். மிதிக்க மிதிக்க எரிகிறது என்றால் பம்புக்கு ஆயிலே போய்ச் சேரவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றினான். ஆயிலை உறிஞ்சும் சல்லடை முழுக்கப் பனியன் நூல் சுற்றிக் கிடந்தது. நம்ப மனசில்லாமல் பேரிங்கையும் பிரித்து அளந்தான். ரஹீமின் வேலையில் மயிரிழைகூடப் பிசகில்லை. அட பாவி, என்ன காரியம் செய்தேன் என்று கரித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கையைக்கூடக் கழுவாமல் சல்லடையோடு அண்ணாச்சி கடைக்குப் போனான். கூட்டம் இருக்கும் நேரம்தான். தப்பு என்னுடையது, ரஹீம் வேலை சுத்தம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அண்ணாச்சி திட்டித் தீர்த்துவிட்டு, தான் யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமெல்லாம் மாற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அங்கிருந்து நேரே பட்டறை. மெஷின்கள் நின்றிருந்தன. ரஹீம் ஸ்டூலில் உட்கார்ந்து, நாலாவது தடவையாகவோ என்னவோ, அதே பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். வரதன் சல்லடையை அவன் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னான். ரஹீம் நகத்தால் ஒரு நூலை உருவிப் பார்த்தான்.

"இத்த எனக்குக் காட்ட வேணாம் மாமு. என் வேல எனக்குத் தெரியும்" என்றான். குரலில் கோபமே இல்லை. "லைட்டு எரிஞ்ச அன்னிக்கே என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே வந்து காருக்கு அடியில படுத்துகினு கழட்டியிருப்பேனே. நீ கடையில நாலு பேரு முன்னாடில்ல சொல்லிட்ட."

வரதன் உடைந்து அழுதுவிட்டான். ரஹீம் அவனைத் தேற்றவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சல்லடையைக் கையில் எடுத்து, அந்த இன்ஜினைப் பூட்ட அவனோடு கிளம்பினான். வழியெல்லாம் வரதனுக்கு நாலடி முன்னாலேயே நடந்தான்.