மூன்று கேசட்டும் ஆறு வரியும்

கேபிள்காரருக்கு வந்த கடிதம் நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கம் சட்டம். மிச்சக் காலில்தான் விஷயம். உள்ளூர்ச் சேனல் நடத்துகிறவர்கள் முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இருபது வருடத்துக்கு முன்பே சேனல் ஓடியதென்று ஒளிப்பதிவோடு நிரூபித்தால் மட்டுமே பதிவு. இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஒளிப்பதிவுக்கு நாம எங்க போறது?" என்றாள் மனைவி.

அங்கேதான் வம்பு. மனிதர் சிக்கனத்தில் புலி. மூன்றே மூன்று கேசட்டை வைத்து வருடக்கணக்கில் ஓட்டியவர். திங்கட்கிழமை பதிந்ததன் மேலேயே வியாழக்கிழமை பதிவார். "நேத்து நியூஸை எவன் திரும்பப் பாக்கப் போறான்?" என்பது அவர் கட்சி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதிலும் இடம் அடைக்கிறதென்று வாராவாரம் அழித்தார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைதான் நிலையம். ஒரு மேசை, ஒரு விளக்கு, பின்னணிக்கு நீலப் போர்வை. குளிர் நாளில் பிள்ளைகள் போர்வையை உருவிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்குப் பின்னணி வெறும் சுவர். மாலை ஆறு மணிக்கு மனைவி வந்து உட்கார்ந்து வாசிப்பாள். நாளை எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யார் வீட்டுச் சாவி தொலைந்தது, எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள். ஒருமுறை தையல்காரர் வீட்டுப் பூனையைக் காணவில்லை என்று அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பூனை மேசை மேல் ஏறி நடந்துபோனது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. என்ன நாட்கள் அவை!

அவளுக்கு ஒரே ஒரு குறை. "வாசிச்சது யாருன்னு கடைசியில ஒரு வரி போட்டா என்னவாம்?"

"திரையில எழுத்து ஓட்டுற மெஷின்ல ஆறு வரிதான் பிடிக்கும். ஆறாவது வரி புகார் சொல்ற போன் நம்பர். உன்னைத்தான் ஊருக்கே தெரியுமே!"

அவளும் அலுத்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்போது சேனலே போகப்போகிறது. அலமாரி, பரண் எல்லாம் தலைகீழாகப் புரட்டியாயிற்று, ஒன்றும் இல்லை. கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். அன்று மாலை அவளே வாசித்தாள்: "நம்ம சேனலை யார் வீட்டுலயாவது பதிவு பண்ணி வச்சிருந்தா, தயவுசெஞ்சு கொண்டு வாங்க."

ஐந்து கேசட் வந்தன. இரண்டில் பூஞ்சை. இரண்டில் யார் வீட்டுக் கல்யாணமோ. ஐந்தாவதைக் கொண்டுவந்தவள் பக்கத்துத் தெரு நர்ஸ். "என் முதல் பிறந்தநாளுக்கு நீங்க வாழ்த்து வாசிச்சது, அக்கா. அம்மா பத்திரமா வச்சிருந்தாங்க."

திரையில் நீலப் போர்வை தெரிந்தது. அதன் முன்னால் முப்பது வயதில் அவள். வாழ்த்து வாசிக்கையில் உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் ஓரக்கண்ணால் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். இத்தனை வருடம் இதையெல்லாமா அழித்துக்கொண்டிருந்தோம் என்று கேபிள்காரருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆனால் திரையின் மூலையில் தேதி, ஜனவரி ஒன்று. வருடம், எழுத்து மெஷின் தொழிற்சாலையை விட்டு வந்த வருடம். மணி பன்னிரண்டு. அந்த மெஷினில் தேதி வைக்கத் தனக்குத் தெரியாது என்ற ரகசியத்தை மனிதர் இன்றுவரை கட்டிக் காத்து வந்திருந்தார். இனி எதை வைத்து நிரூபிப்பது? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் சிரித்தாள். "எதுக்குக் கவலைப்படறீங்க? முதல் பிறந்தநாள்னு அக்கா வாயாலயே சொல்றாங்க. என் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு போங்க. இருபத்துமூணு வருஷக் கணக்கு தானா வந்துடும்."

பதிவு அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் கேசட்டை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். குக்கர் விசிலுக்கு வாய்விட்டுச் சிரித்தார். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏத்துக்கறேன். படிவத்தை ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

படிவத்தில் 'சேனல் நடத்துபவர்' என்ற இடத்தில் கேபிள்காரர் பெயர் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்.

"இது யாரு?"

திரையைக் காட்டினார். "இவங்கதான்."

"அப்ப நீங்க?"

"ஒயர் இழுக்கறவன், மேடம்."

மறுநாள் மனைவியும் வந்து கையெழுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் பதிவுச் சான்றிதழ் வந்தது. அதைச் செய்தி வாசிக்கும் குரலிலேயே உரக்க வாசித்துக்கொண்டு வந்தவள், தன் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

அன்று மாலை செய்தி முடிந்ததும் ஆறு வரியும் ஒவ்வொன்றாக மேலே ஏறின. மூலையில் அதே ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி. ஆறாவது வரியில் 'வாசித்தவர்' என்று போட்டு அவள் பெயர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "புகார் சொல்ற போன் நம்பர் எங்கே?"

"அதுதான் ஊருக்கே தெரியுமே" என்றார்.