மணியம் அண்ணனின் சிப்பிக் கயிறு

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கடலைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றுதான் போன மாதம் எங்கள் ஊர் ரெங்கத்திலிருந்து கிளம்பினேன். காலை ஆறரைக்குக் காரை எடுத்து, வழியில் மாசாயில் தோசையும் தே தாரேக் டீயும் முடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் ஜொகூர் நீரிணையோரப் படகுத்துறையில் நின்றேன். படகுக்கு நாற்பது ரிங்கிட்.

படகோட்டி மணியம் அண்ணன் முன்பு வலை போட்டவர். மீன் குறைந்துபோனதால் இப்போது மிதவையிலிருந்து கடலுக்குள் கயிறுகளைத் தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கிறார். நான் போனது இந்தத் தடவையின் முதல் கயிற்றை இழுக்கும் நாள். என் நல்ல நேரம். அவர் மனைவி சரஸ் அக்காவும் படகில் ஏறிக்கொண்டார்.

"போன தடவ ஒண்ணும் கெடைக்கல," என்றார் அண்ணன். "இதுவும் போச்சுன்னா படக வித்துட்டு ஃபேக்டரிக்குப் போக வேண்டியதுதான். வாங்குற ஆளு நாளைக்கு வரான்."

"ஏன் கெடைக்கலன்னும் சொல்லுங்களேன்," என்று சிரித்த அக்கா, பிறகு அவரே சொன்னார். "வலக்காரரு இல்ல? தெனம் கயிறத் தூக்கிப் பாக்கணும் இவருக்கு. குஞ்சுச் சிப்பியெல்லாம் உதிர்ந்துபோச்சு. அதான் இந்தத் தடவ படகுச் சாவிய நான் வெச்சுக்கிட்டேன். யாரு வந்தாலும் கூடவே நானும் ஏறிருவேன்."

"அலமாக், ஊருக்கே சொல்லிடு," என்று அண்ணன் தலையைச் சொறிந்தார்.

சிரிப்பு வந்தாலும் பாவமாகவும் இருந்தது. இழுத்து இழுத்தே பழகிய கைக்குச் சும்மா இருப்பது லேசா என்ன? அடுப்பில் வைத்த புட்டையே பத்து முறை திறந்து பார்ப்பவள் நான்.

மிதவையில் நின்று அண்ணன் கயிற்றை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன்; அவர் முகமும் சுருங்கிப்போனது. அக்கா சேர்ந்து பிடித்தார், நானும் பிடித்தேன். பச்சைச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. கயிறே தெரியவில்லை. இவ்வளவு நேரம் வரவிடாமல் செய்தது அந்தக் கனம்தான். அண்ணன் அப்படியே பலகையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும்தான்.

கரை சேரும் முன்பே அண்ணன் போனை எடுத்தார். "படகு விக்கல லா. சாரி லா."

இஞ்சி தட்டிப் போட்டு அக்கா அவித்துத் தந்த சிப்பியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்தக் கயிற்றில் என்னையும் ஒரு கை பிடிக்க விட்டார்களே, அதற்குத்தான் பெரிய நன்றி.

போகிறவர்களுக்கு: நீர் வற்றினால் படகு கிளம்பாது, முதல் நாளே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி கட்டாயம். மற்ற கயிறுகளில் சிப்பி இன்னும் முற்றவில்லை. அதனால் அக்கா என் கையைப் பிடித்துச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "யார வேணும்னாலும் கூட்டிட்டு வாங்கம்மா. கயிற மட்டும் தூக்கிக் காட்டச் சொல்லாதீங்க. கேட்டா தூக்கிருவாரு."