அப்பாவுக்கு ஆற்றைக் காட்டப் போனது

அப்பா கண் வைத்தியர்களை நீண்ட காலமாக ஏமாற்றி வந்தார் என்பது, ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையை மாற்றிய அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஊரை விட்டு வந்து, ஆங்கிலேயப் புறநகரான கிங்ஸ்பரியில் இருந்தோம். அப்பாவுக்குப் பல வருடங்களாக நீரிழிவு. கண் பரிசோதனைக்குத் தனியே போய்வருவார்; வந்ததும் "எல்லாம் ஓகே" என்பார். அன்று எனக்கு லீவு என்பதால் நானும் கூடப் போனேன். தாதி அவருடைய ஒரு கண்ணை மூடச் சொல்லி, மற்றக் கண்ணால் சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். வலக்கண்ணால் அப்பா தடுமாறித் தடுமாறி வாசித்தார். இடக்கண்ணின் முறை வந்தபோது தாதி புதிதாக வந்திருந்த வேறொரு பலகையை மாட்டினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை ஒன்றும் பிசகாமல் ஒப்புவித்தார்.

தாதி பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் சொன்ன எழுத்து ஒன்றுகூட இதில் இல்லையே, சேர்" என்றார், மிக மென்மையாக.

இரண்டு கண்ணுக்கும் ஒரே பலகையாக இருந்த காலமெல்லாம் அப்பா வலக்கண்ணால் வாசித்ததை மனதில் வைத்துக்கொண்டு இடக்கண்ணுக்குச் சொல்லி வந்திருக்கிறார். ஊரில் அவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். அந்த வேலைக்கான பரீட்சையில் முதல் தடவையே சித்தியடைந்ததை இப்போதும் சொல்லுவார். எங்கள் ஆட்களுக்கு எதிரே எழுத்தை வைத்து வாசி என்றால் அது பரீட்சை. அதில் சித்தியடையாமல் வீட்டுக்குப் போகக்கூடாது.

வைத்தியர் சுற்றி வளைக்கவில்லை. இடக்கண்ணில் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. வலக்கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. லேசர் செய்யலாம், மிச்சத்தைக் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கலாம். போனது திரும்பாது. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் அவராகவே ஒன்று சொன்னார். அப்பா பார்க்க விரும்பும் இடமோ ஆட்களோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

திரும்பி வரும் ரயிலில் அப்பா வெம்பிளி வரும்வரை நிலையப் பெயர்ப்பலகைகளை நோக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "பெயில் விட்டிட்டன் என்ன?" என்றார்.

"அது பாஸ் பெயில் இல்லை அப்பா. உங்களுக்கு என்ன தெரியேல்லை எண்டு பார்க்கத்தான் அவை கேட்கினம்."

"தெரியேல்லை எண்டால் வேலையை விடச் சொல்லுவாங்களெல்லோ."

அப்பா அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இரவு ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். அந்தக் கிழமையே வேலையை விட்டார். அம்மா அழுது முடித்த பிறகு வழமைக்குத் திரும்பி, "நல்லதுதான், இனி என்ரை நரை தெரியாது" என்றார். அப்பா, "அது முந்தியே மனப்பாடம்" என்றார்.

வைத்தியர் சொன்னதை நான் என் வழக்கப்படி எடுத்துக்கொண்டேன். அப்பா பார்க்கக்கூடியவை என்று ஒரு பட்டியல் போட்டேன். ஊர் முதலில் வந்தது. சண்டை நடந்துகொண்டிருந்ததால் அதை வெட்டினேன். கனடாவில் பெரியப்பா. சிதம்பரம். ஸ்கொட்லாந்து மலைகள். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, தொலைக்காட்சிப் பக்கம் கையைக் காட்டி, "அந்த ஆறு" என்றார்.

ஷிப்ட் முடிந்து காலையில் வந்து சாப்பிடும்போது அவர் பார்ப்பது விலங்குகள் பற்றிய வீடியோக்கள்தான். நான் பதிவுசெய்து வைப்பேன். அவற்றில் அமேசன் ஆறு வரும் கசெட்டைத் தேயும்வரை போட்டிருந்தார். வருடத்துக்கு வருடம் அவருடைய கதிரை தொலைக்காட்சியை நோக்கி நகர்ந்து வந்ததை நானும் அம்மாவும் கண்டிருந்தோம். கேட்டபோது அவர் சொன்னது, "சத்தத்தைக் கூட்டினால் நீங்கள் நித்திரை கொள்ளேலாது" என்பது.

அம்மா வர மறுத்தார். "காடு பார்க்கக் காசு குடுத்துப் போறதோ? வன்னியிலை நாங்கள் சும்மா பார்த்த காடு காணாதே?" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "அங்கை முதலை இருக்குமெல்லே. கொப்பாவை ஓரத்திலை இருக்க விடாதை" என்றார்.

இன்சுலின், அதை வைக்க ஒரு சிறு குளிர்ப்பெட்டி, ஊசிகள், வைத்தியரின் கடிதம், குளுக்கோஸ், கொசுவுக்குப் பூசுவது, அம்மா தந்த மிளகாய்த்தூள், அகல விளிம்புத் தொப்பிகள். எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்துக்கொண்டு, லேசர் முடிந்து சில மாதம் கழித்து நானும் அப்பாவும் போனோம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: கண் முழுதாகப் போவதற்கு முன் அப்பா அந்த ஆற்றில் ஓர் உயிரையாவது தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆற்றில் எங்களை ஏற்றிச் சென்றதைக் கப்பல் என்று சொன்னாலும் அது இரண்டு தட்டு வைத்த ஒரு மரப்படகுதான். ஏறக்குறைய இருபது பேர் பயணிகள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில், கரை தெரியாத அகலத்தில் போனது. வெள்ள காலம் என்பதால் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. விடியலிலும் பின்னேரத்திலும் எங்களை மோட்டார் வள்ளத்தில் ஏற்றி அந்த மரங்களுக்கு இடையில் கூட்டிப்போவார்கள். வழிகாட்டி அந்த ஆற்றங்கரையில் பிறந்த மனிதர், நாற்பது வயதிருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவார். ஒரு குரங்குக் கூட்டம், ஒரு சோடிப் பஞ்சவர்ணக் கிளி, கிளையோடு கிளையாக உடும்பு போன்ற ஓர் இகுவானா. பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து, "கண்டீர்களா?" என்று கேட்பார். எல்லாரும் கண்டோம் என்று சொல்லும்வரை வள்ளத்தை அசைக்க மாட்டார்.

"எஸ், எஸ். வெரி பியூட்டிபுல்" என்பார் அப்பா.

முதல் நாள் நான் அதை நம்பினேன். மாலையில் சாப்பாட்டுக் கூடத்தில் வழிகாட்டி அன்றைய விலங்குகளின் பெயர்களை வாசிக்க, கண்டவர்கள் கையை உயர்த்துவது அந்தக் கப்பலின் வழமை. அப்பா எல்லாவற்றுக்கும் கையை உயர்த்தினார். எனக்கே இரண்டு பறவைகள் தவறியிருந்தன.

இரண்டாம் நாள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த உயரமான ஓர் ஆங்கிலேய அம்மா தன் தொலைநோக்கியை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா நன்றி சொல்லி, அதைக் கண்ணில் வைத்து, மரத்தின் உச்சியை நெடுநேரம் பார்த்தார். "வெரி பியூட்டிபுல்" என்றார். தொலைநோக்கியின் முன்பக்க மூடிகள் கழற்றப்படவில்லை. அந்த அம்மாவும் அதைக் கண்டார். தொலைநோக்கியை வாங்கி, மூடிகளைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்தார்.

அப்போது நான் ரயில் சமிக்ஞைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். எங்கள் வேலையில் முதல் விதி, கண்ணால் கண்டதற்கு மட்டுமே கையெழுத்து. சிவப்பு எரிகிறது என்று பக்கத்தில் நிற்பவர் சத்தியம் செய்தாலும் நான் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஊறிப்போனவளுக்கு, அப்பா கையை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் பொய்க் கையெழுத்தைக் கண்டதுபோல இருந்தது.

அடுத்த நாள் விடிய, மேல்தட்டில் வைத்து அவருக்கு இன்சுலினை ஊசிக்குள் இழுத்துக்கொண்டே கேட்டேன். ஊசியில் உள்ள கோடுகள் அவருக்குத் தெரியாததால் அது என் வேலையாகியிருந்தது.

"அப்பா, நீங்கள் நேற்று ஒண்டும் காணேல்லை."

"கண்டன்."

"மூடியோடையோ?"

அப்பா சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். நான் ஊசியைப் போட்டேன். "அவன் பாவம்" என்றார் பிறகு. "வெயிலுக்கை நிண்டு, கழுத்தை முறிச்சுத் தேடிப் பிடிச்சுக் காட்டுறான். காணேல்லை எண்டால் வள்ளத்தை எடுக்கவும் மாட்டான். வந்த சனத்துக்கெல்லாம் கரைச்சல்."

"சனத்துக்காகவோ நாங்கள் வந்தனாங்கள்?"

"நீ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனி" என்றார். "காணேல்லை எண்டு உனக்கு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

ஊசியை அதற்குரிய டப்பாவில் போட்டேன். பஞ்சை மடித்தேன். குளிர்ப்பெட்டியின் மூடியைப் பூட்டினேன். பிறகு சொன்னேன்: "எனக்குத் தெரியாட்டில் நான் ஒண்டும் செய்யேலாது அப்பா. ஆஸ்பத்திரியிலை நடந்ததும் அதுதான்."

அவர் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று தெரியவில்லை.

அன்று காலை வள்ளம் ஒரு கிளையாற்றுக்குள் நுழைந்தது. வழிகாட்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி, பட்டையில் ஒட்டிக்கொண்டு தூங்கும் வௌவால்களைக் காட்டினார். வழமைபோல ஒவ்வொருவராகக் கேட்டார். ஆங்கிலேய அம்மா கண்டேன் என்றார். நான் கண்டேன் என்றேன். "நீங்கள், சேர்?"

அப்பா கைகளை மடியில் வைத்திருந்தார். தண்ணீர் வள்ளத்தின் அடியில் தட்டும் சத்தம் கேட்டது.

"நோ" என்றார். பிறகு, கச்சேரியில் மேலதிகாரிக்கு முன் பேசுவது போன்ற தன் நிதானமான ஆங்கிலத்தில், "நான் காணவில்லை. முதல் நாளிலிருந்து நான் ஒன்றையும் காணவில்லை. மன்னிக்க வேண்டும்" என்றார்.

பின்னால் இருந்தவர்களில் யாரோ இருமினார். எனக்கு முகம் சுட்டது. வழிகாட்டி எழுந்து, ஆட்களின் முழங்கால்களைத் தாண்டி வந்து, அப்பாவுக்கு எதிரே குந்தினார். இரக்கம் காட்டும் குரல் இல்லை அது. படகு மோட்டாரில் என்ன கோளாறு என்று விசாரிப்பவரின் குரல். "என்ன தெரிகிறது உங்களுக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதில்லை. நான் உட்பட எல்லாரும் தெரிகிறதா என்றுதான் கேட்டிருந்தோம். "ஓரங்கள் தெரியும்" என்றார். "இப்போது இரண்டு கண்ணிலும் நடுவில், முகத்துக்கு நேரே பெருவிரலைப் பிடித்ததுபோல ஒரு கறுப்பு. எதைப் பார்க்கப் போனாலும் அது முன்னால் போய் நின்றுவிடும்."

வழிகாட்டி அப்பாவை முன் ஆசனத்துக்கு மாற்றினார். அங்கே இருந்த ஆங்கிலேய அம்மா தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டுப் பின்னால் போனார். உயரத்தில் இருப்பவற்றைத் தேடுவதை வழிகாட்டி அன்று விட்டுவிட்டார். கைக்கெட்டும் கிளைகளுக்குப் பக்கத்தில் வள்ளத்தை மெல்லக் கொண்டுபோனார். ஒரு தவளை பாய்ந்தது. ஒரு மீன்கொத்தி பறந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா, "நோ" என்றார். நோ என்று சொல்வது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இலகுவாகி வந்தது. ஒரு கட்டத்தில் அது என் மனதை வேறு விதமாக அழுத்தத் தொடங்கியது. உண்மையைச் சொல்ல வைத்துவிட்டேன். உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன செய்வது?

பெரிய ஆற்றுக்குத் திரும்பும்போது வழிகாட்டி திடீரென்று மோட்டாரைக் குறைத்தார். தண்ணீரில் ஒரு சிறு மூட்டை போல ஏதோ கிளையாற்றைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. மரத்தில் தலைகீழாகத் தொங்கி, ஆமையிலும் மெதுவாக நகர்ந்து, வாழ்நாளைக் கழிக்கும் ஸ்லாத் என்ற விலங்கு. வெள்ள காலத்தில் அது மரத்துக்கு மரம் நீந்திப் போகுமாம். வழிகாட்டி வள்ளத்தை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, மோட்டாரை நிறுத்தி, துடுப்பால் அதன் வேகத்துக்கே வந்தார். கையை நீட்டினால் தொடலாம்.

அப்பா அதை நோக்கிக் குனிந்தார். "இல்லை" என்றார் தமிழில்.

அப்பா கண்களை மூடித் திறந்தார். பிறகு முகத்தை அந்த விலங்கிடமிருந்து விலக்கி, தூரத்துக் கரையைப் பார்ப்பவர் போலத் திருப்பினார். அப்படியே இருந்தார்.

"ஆ" என்றார். "வாறார்."

"என்ன தெரியுது அப்பா?"

"தலையைத் தண்ணிக்கு மேலை பிடிச்சுக்கொண்டு... முகத்திலை ஒரு சிரிப்பு மாதிரிக் கோடு. முதுகு மயிரிலை பச்சைப்பாசி. கையை நீட்டுறார் பார், நீளக் கை." நான் பார்த்தவை அனைத்தும் அவைதான். கண்ணால் கண்ட ஒருவர் மட்டும் சொல்லக்கூடியவை. "ஒரு அவசரமுமில்லை அவருக்கு. கவுன்சில் ஒபிசிலை எங்கடை பைல் போற மாதிரிப் போறார்."

நான் சிரித்தேன். என்ன சொன்னார் என்று ஆங்கிலேய அம்மா கேட்க, மொழிபெயர்த்தேன். வள்ளம் முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. அந்த விலங்கு கரை மரத்தைப் பிடித்து, ஒவ்வொரு கையாகத் தன்னை வெளியே இழுத்து, இலைகளுக்குள் மறையும்வரை கரையைப் பார்த்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டாரை இயக்க வழிகாட்டி பின்னால் போனார். அப்பா என் பக்கம் திரும்பி நேரே பார்த்தார். அப்படிப் பார்த்தால் நான் இருக்கும் இடத்தில் அவருக்குக் கறுப்புத்தான் என்பது இப்போது எனக்குத் தெரியும். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். முகத்தை மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நெத்தி நல்லாக் கறுத்துப்போச்சு பிள்ளை" என்றார். "கொம்மா என்னைத்தான் ஏசப்போறா. தொப்பியைப் போடு."

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தேன்; அதன் விளிம்பு முகத்தை மறைத்தது.

"பொறு" என்றார். "கொஞ்சம் பிந்திப் போடு."

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.