மேலுமலை ஏற்றத்தில் எரிந்த மஞ்சள் லைட்

ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் பட்டறை போட்டிருக்கும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொந்தக்காரர்கள் வண்டி என்றால் ஜாப் கார்டு கிடையாது, வரிசை கிடையாது, கடைசியில்தான் கை வைப்பேன். நம்ம வண்டிதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஒரு அலட்சியம். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் இப்படித்தான். அதற்காக என் தப்பு குறைந்துவிடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினத்திலிருந்து அக்காவும் மாமாவும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா ஓசூரில் என் வீட்டில்தான் படுத்த படுக்கையாக இருந்தாள். சாயங்காலம் மாமா தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பழைய டர்போ டீசல் கார். மேட்டில் இழுக்கவில்லை, மஞ்சள் இன்ஜின் லைட் எரிகிறது என்றார்.

அத்திப்பள்ளியிலிருந்து வந்த கஸ்டமர் ஒருவர் அப்போது நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கன்னடத்தில் குழைந்துகொண்டே மாமாவிடம் தமிழில் சிடுசிடுத்தேன். ஸ்கேனரைச் செருகினேன். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் போதவில்லை என்று காட்டியது. காற்று எங்கே கசிகிறது என்று தேடியிருக்க வேண்டும். ஆள் ஏற்றி ஒரு மேட்டிலாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்கேனரில் அந்தக் கோளாறுப் பதிவை அழித்தேன், லைட் அணைந்தது. சென்சார் கோளாறுதான், போங்க மாமா என்று அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வந்து பார்த்த டாக்டர், வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன். தன் வீட்டு மாட்டில் கறந்த பாலை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். போகிற உயிருக்கு மகள் கையால் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம், வந்துட்டாளா என்று மட்டும் கேட்டாள். வந்துட்டே இருக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"லைட்டு மறுபடி எரியுதுடா. வண்டி ஏறவே மாட்டேங்குது. லாரியெல்லாம் எங்கள தாண்டிப் போவுது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. காற்றழுத்தம் குறைந்தால், இன்ஜின் கெட்டுப்போகாமல் இருக்க வண்டியின் கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். ஆஃப் பண்ணி, இரண்டு நிமிடம் விட்டு, ஆன் பண்ணச் சொன்னேன். இழுத்தது, அடுத்த மேடு வரைக்கும். மறுபடி போன், மறுபடி ஆஃப், மறுபடி ஆன். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, பெரிய மேதாவி மாதிரி, நாலு தடவை இதையே சொன்னேன். அந்த ரோட்டில் ஓசூர் பஸ்ஸுக்கா பஞ்சம்? வண்டியை ஓரங்கட்டிவிட்டு பஸ் ஏறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கை பட்ட வண்டி வழியில் நின்றது என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

அம்மா போய் அரை மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். அப்படியும் பாலை ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமா, பழைய வண்டி, வழியில் மக்கர் பண்ணிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பட்டறையில் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. மாமாவின் காரைத்தான் முதலில் தூக்கினேன். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. வண்டி சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும். மேட்டில் காற்று அழுத்தும்போதுதான் வாயைப் பிளக்கும். பானெட்டைத் திறந்து கையை விட்டுத் தடவியிருந்தாலே விரலில் தட்டுப்பட்டிருக்கும். மாற்றி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்றே அக்காவையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு மேலுமலைக்குப் போனேன். கீழே இறங்கித் திருப்பி, ஏற்றத்தில் நன்றாக மிதித்தேன். லைட் எரியவில்லை. முக்கல் முனகல் இல்லாமல் வண்டி ஏறியது.

"அன்னைக்கு நான் பானெட்டே தொறக்கலக்கா," என்றேன்.

"தெரியும். மாமா சொன்னாரு," என்றாள் பின்சீட்டிலிருந்து. கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இங்கதான் நின்னோம். பின்னாடியே பஸ்ஸு வந்துச்சு, நான் எறங்கி கையக் காட்டப் போனேன். நீ சொன்னா சரியாயிடும்னு திரும்ப இதுலயே ஏறி உக்காந்துட்டேன்டா."